தொடையில் கட்டிய நெறி

சாவடி முன்னால் ஆண்கள் கோவணத்தோடு வரிசையாக நின்றார்கள். கொல்லம் ஆண்டு 1101, ஆனி மாதம். ஊரில் நாலு எலி செத்து விழுந்ததென்று தென்காசியிலிருந்து பிளேக் சோதனைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அக்குளில் இரண்டு விரல், அரையில் இரண்டு விரல். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தொடுவான்.

வரிசையில் இருந்த கடற்கரை என்பவனுக்கு அங்கே நிற்க நேரமில்லை. குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. நாலு நாளில் சிற்றாற்று வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி வேலை பன்னிரண்டு வருஷமாக அவனுடையது. முதல் தண்ணீருக்கு மடையில் நிற்கிறவனுக்குத்தான் அந்தப் பூவு முழுக்க, அறுப்பு வரைக்கும், வேலை. போன பூவில் முறை தப்பிப் பண்ணையார் வயலுக்குத் தண்ணீர் விட முடியாதென்று மறித்து நின்றவன் அவன்.

இன்ஸ்பெக்டரின் விரல் இடது தொடையிடுக்கில் நின்றது. எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம்.

"ஐயா, இது நெறி. உள்ளங்கால்ல முள்ளு ஏறிட்டு. அதான் நெறி கட்டியிருக்கு."

"புண் எங்கே?"

காலைத் தூக்கிக் காட்டினான். தோல் மூடிவிட்டிருந்தது. அத்தனை வெடிப்புக்குள் முள் ஏறிய இடம் எதுவென்று அவனுக்கே பிடிபடவில்லை.

"எம் மச்சினன் சாட்சி இருக்கான். ஏலே சுடலை, நீதானலே பல்லால கடிச்சு இழுத்த? பாதி முறிஞ்சு உள்ள நின்னுட்டுன்னு சொன்னேல்லா? சொல்லுலே."

சுடலைமாடன் கடற்கரையின் பெண்டாட்டி பாலம்மாளுக்குத் தம்பி. சுடலை, சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருந்த பண்ணையார் வல்லிநாயகம் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் எந்த முள்ளையும் பாக்கல ஐயா."

"ஏலே, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுலே!"

சுடலை மூஞ்சியைத் திருப்பவில்லை.

வாய்க்காலுக்கு அப்பால் ஓலைக்கொட்டகையில் கடற்கரையைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கால் பழுத்து உடைந்தது. கம்பவுண்டர் ஆதம் சீழோடு அரை விரல் நீளத்துக்கு முள்ளை எடுத்தார்.

"வெசம் மேல ஏறாம தொடையிலயே மறிச்சிருக்கு வே இந்த நெறி. ஒடம்புக்கு அதுதான் காவக்காரன். அது மட்டும் வீங்கலைன்னா நீரு இன்னேரம் போய்ச் சேந்திருப்பீரு."

"அப்ப பிளேக்கு இல்லல்லா? என்னய விட்டுரும்."

"பத்து நாள்னு எழுதிட்டாவளே." ஆதம் குரலைத் தாழ்த்தினார். "மடையில ஒம்ம மச்சினன் நிக்கான். பண்ணையார் சோதனைக்கு முந்தின நாளே அவனுக்கு வாக்குக் குடுத்துட்டாராம்."

பதினோராம் நாள் வெளியே விட்டார்கள். நெறி கரைந்திருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். அதைக் கடந்தால் அவன் வீடு. வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனான்.

"அத்தான், அங்கனயே நில்லும்!" மடைமேலிருந்து சுடலை கத்தினான். "தண்ணியில கால வச்சிராதேயும். ஊருக்கே பரப்பவா?"

நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடற்கரை தூக்கிய காலோடு கரையில் நின்றான். பத்தடி கீழே பண்ணையார் வீட்டு எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன.