நாற்பத்தாறு வயதுப் புது டிரைவர்

கத்திரியக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். கடைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் முடி வெட்டிவிடுவதுதான் அவள் தொழில். படுத்த படுக்கையாய் இருப்பவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், கைக்குழந்தையை விட்டு அசைய முடியாத தாய்மார்கள் என்று அவளுக்காகக் காத்திருப்பவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். படுத்தவாக்கிலேயே தலை அலச, காற்றடித்தால் உப்பிக்கொள்ளும் ரப்பர் தொட்டி ஒன்று வைத்திருந்தாள். அதையும் ஹேர் டிரையரையும் ஒரு மூட்டைத் துண்டுகளையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். துண்டுகள் ஈரமாகிவிட்டால் திரும்பும்போது மீதி உயிரும் போகும்.

அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தேர்வில் நடைபாதையின் மேல் ஏற்றிவிட்டாள். இரண்டாவது தேர்வில் பச்சை விளக்கு விழுந்தும் கிளம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் எதற்காகத் தோற்றோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. நாலாவது தடவை பாஸ் என்று சொன்னபோது, அந்த அதிகாரியிடம் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலை மாற்றலாகிப் போகும்போது தன் பழைய சின்னக் காரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பின் சீட்டை மடக்கினால் தொட்டி, டிரையர், துண்டு எல்லாம் அடங்கிவிடும். அவள் ஆசையோடு அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அப்புறம்தான் இன்சூரன்ஸ் விலை தெரிந்தது.

மகள் போனில் தட்டிப் பார்த்துச் சொன்ன தொகையைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷத்துக்குக் கட்ட வேண்டியது, காரையே வாங்கிய விலையில் பாதிக்கு மேல். வேறு நாலு கம்பெனியில் தேடியும் கதை ஒன்றுதான். லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தலையில் நரை எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனும் அவளும் அவர்களுக்கு ஒன்று.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியும் பெயரில் ஒரு கீறல் விழாத மனுஷர். அவர் பெயரில் போட்டுப் பார்த்தால் தொகை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. டெப்போவில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அவர். காரை ஓட்டப்போவது அவர்தான் என்று சொல்லிவிட்டு, எப்போதாவது மனைவியும் ஓட்டுவாள் என்று ஓரமாகச் சேர்த்துவிட்டால் போதுமாம். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. வேறு வழியும் தெரியவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேசினார்கள். எடுத்தவள் ஒரு சின்னப் பெண். குரலில் அவசரமில்லை. காரின் விவரங்களைக் கேட்டு முடித்துவிட்டு, "வண்டியை அதிகமா ஓட்டப் போறது யாருங்க?" என்றாள்.

"நான்தாம்மா," என்றார் கணவர்.

கத்திரியக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு நோயாளி வீட்டு வாசலில் கார் இடித்துக்கொண்டு நிற்பதையும், அப்போது நான் ஓட்டவில்லை என்று தானே சாதிக்க வேண்டி வருவதையும் நினைத்துப் பார்த்தாள். அதைவிட, நாலு தடவை வியர்த்து வழிந்து வாங்கிய லைசென்ஸ் ஒன்று அவள் கைப்பையில் இருந்தது.

"இல்லம்மா. நான்தான் ஓட்டப் போறேன்," என்றாள். "புதுசா லைசென்ஸ் எடுத்திருக்கேன். வேலைக்குத்தான் கார். தினமும் நாலஞ்சு வீடு போவேன்."

வேலைக்கு என்றால் இன்னும் கூடும் என்பது கணவருக்குத் தெரியும். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், இப்படிச் சொன்னதே நல்லது, மாற்றிச் சொல்லிவிட்டு விபத்து என்று வந்து நின்றால் பணம் கிடைக்காமலே போகலாம் என்றாள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கென்றே இன்னொரு பாலிசி இருப்பதாகவும் சொன்னாள். காருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைப்பார்கள். எவ்வளவு வேகம், எப்படி பிரேக், எப்படித் திருப்பம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக ஓட்டினால் அடுத்த வருஷம் குறையும், இல்லாவிட்டால் ஏறும். அந்தப் பாலிசியும் மலிவில்லை. ஆனால் மாதாமாதம் கட்டலாம். இன்னும் நாலு வீடு பிடித்தால் சமாளித்துவிடலாம் என்று கத்திரியக்கா மனக்கணக்குப் போட்டாள்.

அந்த நாலு வீட்டில் முதலாவது மலைச்சரிவில் இருந்தது. பஸ் போகாத இடம் என்று அவள் பல தடவை மறுத்த வீடு. பக்கவாதம் வந்து படுத்திருந்த அம்மாளுக்கு மாதக்கணக்கில் தலைக்குச் சரியாகத் தண்ணீர் படவில்லை. கத்திரியக்கா தொட்டிக்குக் காற்றடித்து, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி, சிக்கெடுத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கடைசியில் குழறிய குரலில், இவ்வளவு தூரம் எதில் வந்தாய் என்று கேட்டாள்.

"என் கார்லம்மா," என்றாள் கத்திரியக்கா. அப்படிச் சொல்லிப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அந்தக் கருவி வாராவாரம் போனுக்கு மார்க் அனுப்பும். முதல் சில வாரங்கள் பச்சை. அப்புறம் மஞ்சள். ஒருநாள் சிவப்பு விழுந்து, இப்படியே போனால் பிரீமியம் உயரும் என்று எச்சரிக்கையும் வந்தது. அவள், எங்கே தப்பு செய்தோம் என்று வீடு வீடாக யோசித்தாள். மகள்தான் விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். மார்க் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கெல்லாம் கார் ஓட்டியது அப்பா. அவரையும் பாலிசியில் முறையாகச் சேர்த்திருந்ததால் லீவு நாளில் சாமான் வாங்க அவர்தான் எடுத்துப் போவார். போகிற வேகத்தில் போய், சிக்னல் மூக்குக்கு முன்னால் வந்தபிறகு ஒரே மிதியாக மிதித்து நிறுத்துவார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தீப்பெட்டிக்கு என்ன தெரியும் என்றார். தன் சர்வீஸைச் சொன்னார்.

"பஸ்ஸுல இப்படியா பிரேக் போடுவீங்க?" என்று கேட்டாள் கத்திரியக்கா.

"பஸ்ஸுல அம்பது பேர் நின்னுட்டு வராங்க. எப்படிப் போட முடியும்? கார்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அவர் இரண்டு நாள் சாப்பாட்டைக்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் சாவியை அவளிடம் நீட்டி, நீயே ஓட்டு, பார்க்கிறேன் என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினாள். தூரத்திலேயே காலை எடுத்து, கார் தானாகத் தளர்ந்து நிற்கும்படி விட்டாள். வீட்டுக்குத் திரும்பியதும், பரவாயில்லை, உனக்குக் கால் மெத்தென்று இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

அடுத்த ஞாயிறு அவரே ஓட்டினார். பின் சீட்டில் ஒரு பஸ் ஜனம் நிற்பதாக நினைத்துக்கொண்டாராம். அந்த வார மார்க் பச்சைக்குத் திரும்பியபோது போனை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு எல்லா வாரமும் அவளுக்கு முன்னால் அவர்தான் பார்த்தார்.

வருஷம் முடிந்து புதுத் தொகை வந்தது. கணவர் பெயரில் போட்டிருந்தால் ஆகியிருக்கும் அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் நன்றாகவே இறங்கியிருந்தது. மலைச்சரிவில் மட்டும் இப்போது அவளுக்கு ஆறு வீடுகள். பக்கவாத அம்மாள் ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். அவளுக்கு முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று புது ஆசை.

அன்று காலை கணவரை டெப்போ வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு, கார் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பஸ்காரர்கள் பாஷையில் அதற்குப் போகலாம் என்று அர்த்தம். கத்திரியக்கா கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மலைப் பாதைக்குத் திருப்பினாள்.