பதினோரு நமஸ்காரி

ராஸ்மஞ்சா கோயில் வாசலில் டிக்கெட் எடுக்கும்போதே அண்ணி மஞ்சரி சொல்லிவிட்டாள்: "குக்கு, நீதான் சின்ன வயசுலயே பாத்தாச்சே. பையெல்லாம் வெச்சுக்கிட்டு இப்படி உக்காரு. நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறோம்."

ஐம்பத்து நாலு வயதிலும் அவள் குக்குதான். குழந்தையில் வைத்த செல்லப் பெயர். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. கேதகி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அடுத்த கோயிலிலும் அதே கதை. சுட்ட மண் சுவரில் வரிசையாக நின்ற படகுகளையும் வேட்டைக்காரர்களையும் கம்பி வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாள். பெரிதாக வருத்தமில்லை. பிஷ்ணுபூருக்கு அவள் வந்தது புடவைக்கு. அண்ணன் மகள் ரினிக்கு மாக மாதத்தில் கல்யாணம். பெண் வீட்டுப் பெரியவர்களை வணங்கி மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் நமஸ்காரி புடவைகளை எடுக்க, மாப்பிள்ளையின் அம்மா சர்பாணியும் வந்திருந்தாள். யாருக்கு நமஸ்காரி வருகிறதோ அவர்தான் அந்தக் கல்யாணத்தில் பெரியவர். அண்ணி மஞ்சரி பேங்குக்குப் போய்வந்த இருபது வருஷமும் ரினியை வளர்த்தவள் கேதகி. பட்டியலில் தன் பெயர் எத்தனையாவதாக இருக்கும் என்று ரயிலிலேயே யோசித்துக்கொண்டு வந்தாள்.

புடவைக் கடையில் சர்பாணி பட்டியலைப் பிரித்தாள். மஞ்சரி பக்கத்துக் கடையில் மண் குதிரை பார்க்கப் போய்விட்டாள்.

"குக்கு தீதி, உங்க கைராசி பத்தி ரினி சொல்லிக்கிட்டே இருப்பா. நீங்களே எடுங்க. எனக்குப் பட்டும் தெரியாது, பருத்தியும் தெரியாது."

"முந்தானையைத் திருப்பிப் பாத்தா தெரிஞ்சுடும்," என்றாள் கேதகி. கடைக்காரர் சிரித்தார். "இவங்களை மாதிரி நாலு பேரு வந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்."

பெரிய அத்தைக்குக் கருஞ்சிவப்பு, சின்னப் பாட்டிக்கு வெளிர் மஞ்சள், சித்திகளுக்கு ஒரே சாயலில் இரண்டு. பதினொன்று முடிந்தது. அவளுடைய பெயர் வரவில்லை. தனக்கு எடுப்பதைத் தன்னை வைத்துக்கொண்டா எடுப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேல் தட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பாலுசோரிப் பட்டு இருந்தது. இரண்டு தரம் அதைப் பார்த்தாள், சர்பாணி கவனிக்கட்டும் என்று.

"இன்னும் ரெண்டுதான். உங்க வீட்டு வேலைக்காரங்களுக்கு."

வீட்டில் வேலை செய்யும் மாலதிக்கு ஒன்று சரி. இன்னொன்று? பாத்திரம் தேய்க்கப் புதிதாக ஒருத்தியை அண்ணி வைத்திருப்பாள் போலிருக்கிறது.

"அதுக்கெல்லாம் கைத்தறி வேண்டாம். பிரிண்ட் போதும்," என்றாள் கேதகி. "மங்கலான நிறமா குடுங்க, அழுக்கு தெரியாது. ஓரம் தைச்சிருக்கா? தைக்காட்டி பரவாயில்ல, அவங்களே தைச்சுப்பாங்க."

கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர்ச் சீட்டு ஒட்டினார். சர்பாணி படித்தாள். "இது மாலதி. அது கேதகி." நிமிர்ந்து பார்த்து, "இந்தக் கேதகி உங்க வீட்ல ரொம்ப நாளா இருக்காளா தீதி?"

"ரொம்ப நாளா," என்றாள்.

கையை நீட்டிப் பட்டியலை வாங்கிக்கொண்டாள். 'வேலைக்காரர்கள்' என்ற தலைப்பின் கீழே, குண்டு குண்டான எழுத்து. ரினியுடையது.

மஞ்சரி இரண்டு குதிரைகளோடு திரும்பி வந்தாள். நாத்தனார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. அவளைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனாள். "பதினொண்ணுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க குக்கு, மாப்பிள்ளை வீட்ல. என் சித்தியை விட்டா அவங்க கல்யாணத்துக்கே வரமாட்டாங்க. வெளி மனுஷங்க கோச்சுப்பாங்க. நீ நம்ம ஆளு, நீ எதுக்குக் கோச்சுக்கப் போறே? வெறுங்கையா விட வேணாம்னுதான் அதுல சேத்தோம்."

"என் பேரு குக்குன்னு போட்டிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

மஞ்சரி கையிலிருந்த குதிரைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கேதகியின் போன் அடித்தது. ரினி.

"அத்தை! முடிஞ்சுதா? எல்லாருக்கும் நல்லதா பாத்தியா?"

"பாத்தேன். கேதகிக்கு மட்டும் இருக்கறதுலயே மட்டமானதா எடுத்தேன்."

ரினியின் குரல் இறங்கியது. "அம்மா சொன்னா அத்தை. நான் சும்மா எழுதினேன்."

"எழுத்து நல்லா இருக்குடி. உன் கையைப் பிடிச்சு எழுத வெச்சது நான்தானே."

போனைப் பையில் போட்டுக்கொண்டாள். பொட்டலங்களில் தன் பெயர் ஒட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மற்றவை கடைத் தரையிலேயே கிடந்தன. பின்னாலிருந்து சர்பாணி கேட்பது காதில் விழுந்தது: "தீதி ஏன் அதை எடுத்துக்கிட்டுப் போறாங்க?"

மஞ்சரி குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள்.