கிட்டத்தட்டவுக்கு ஒரு சாட்சி

டெல்லா ரோஸ் தன் வாழ்க்கை வரலாற்றின் ஏழாம் அத்தியாயத்திலிருந்து இறங்கி வந்து, சூளை அச்சகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்து அமெரிக்க ப்ளூஸ் பாடகி. கவுன் நிறைய ஆற்றுச் சேறு. பிழை திருத்தும் மரகதவல்லிக்கு இதில் ஆச்சரியமில்லை. போன வாரம் ஒரு கப்பல் கேப்டன் வந்து போனார். ஆனால் இவள் பார்த்த பார்வைதான் சரியில்லை.

அச்சகத்தில் ஒரு வழக்கம். ஆங்கிலப் புத்தகத்தில் அட்வெர்ப் என்கிற வினையடை வந்தால் சாட்சி வேண்டும். ஒருவர் 'ஸ்லோலி' நடந்தார் என்றால், அப்படி நடந்ததை நேரில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் அந்த வார்த்தையை அடித்துவிட வேண்டும். மேனேஜர் சகாயராஜ், பெண்டாட்டி 'சீக்கிரம் வாங்க' என்றாலே சந்தேகப்படுகிற ஆள்.

டெல்லா 'ஸாஃப்ட்லி' பாடினாள் என்ற இடத்தில் மரகதம் காலையில் ஸாஃப்ட்லியை அடித்தாள். பெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டிருந்த குரல் ஜன்னலை உலுக்கியது. 'ஸ்லோலி' வயதானாள் என்ற இடத்தில் ஸ்லோலியை அடித்தாள். டெல்லாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

அடுத்த வரி: வெள்ளத்தில் டெல்லா 'நியர்லி' செத்துப்போனாள். கிட்டத்தட்ட. மரகதம் பென்சிலை நிறுத்தினாள்.

"அத அடிச்சீங்கன்னா நான் செத்தேன்," என்றாள் டெல்லா. நல்ல மதுரைத் தமிழ்.

"தெரியுதுங்க. யாராச்சும் பார்த்தாங்களா?"

"தண்ணிதான் பார்த்துச்சு."

சகாயராஜ் பின்னால் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"என்ன யோசனை? அடிங்க."

"சாட்சி இருக்கு சார்."

"யாரு?"

"நான்தான்."

பச்சைப் பொய். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். கண்ணெதிரே ஒரு பொம்பளையைக் கொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

டெல்லாவின் கவுன் காய்ந்தது. மரகதத்தின் செருப்பில் சேறு ஏறியது.

சகாயராஜ் கையெழுத்தை முகர்ந்து பார்த்தார். "அப்போ நீங்களும் வெள்ளத்துல இருந்தீங்க."

"இருந்தேன் சார்."

"அங்க இருந்தவங்க யாரும் பொழைக்கலன்னு புத்தகத்துல போட்டிருக்கே. இந்தம்மா ஒருத்திதான் மிச்சம்."

"நானும் கிட்டத்தட்ட போயிட்டேன் சார்."

"கிட்டத்தட்ட. அதுக்கு யாரு சாட்சி?"

மரகதம் டெல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்லா இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவுகள நான் அங்க பார்த்ததே இல்லையே," என்றாள்.

சகாயராஜ் சிவப்புப் பென்சிலைச் சீவ உட்கார்ந்தார். மரகதத்துக்குத் தண்ணீர் இடுப்புவரை வந்திருந்தது.