வேலி தாண்டி வந்த பூ

ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த அந்தோணி 1997இல் விருப்ப ஓய்வு வாங்கி, புனேயில் ஆளந்தி ரோடு பக்கம் மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஆறு மாடுகள் வாங்கினார். பால் கறப்பதும் விஷ்ராந்த்வாடி வீடுகளுக்கு ஊற்றுவதும் அவர் மனைவி ஜோசபின்.

அடுத்த கோடையில் பால் கசந்தது. அதைச் சொன்னவர் அவர்களிடம் பால் வாங்கும் கல்யாணசுந்தரம். கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர். மூன்று நாள் காப்பித்தூளைச் சந்தேகப்பட்டுவிட்டு நான்காம் நாள் பாலைச் சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்கில் டிகாக்ஷனோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். ஜோசபின் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சிக் கொடுக்க, ஆறு டம்ளர் காப்பி குடித்தார். நான்கு மாடுகள் கசக்கின்றன என்று அறிவித்துவிட்டு, கை லேசாக நடுங்க ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

காரணம் நிலத்திலேயே நின்றது. புல் காய்ந்துபோயிருந்தது. பச்சையாக இருந்தது பார்த்தீனியம் மட்டும்தான். கேரட் இலை மாதிரி இருப்பதால் அங்கே அதற்கு காஜர் கவத் என்று பெயர். சாதாரணமாக மாடு அதைத் தொடாது. பசியில் தொட்டிருந்தது.

அந்தோணி வெறுங்கையால் பிடுங்க ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் கழுத்தும் கையும் தடித்துச் சிவந்தன. இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. இனி அந்தச் செடி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அந்தோணி கொட்டகை வாசலில் உட்கார்ந்து தூரத்திலிருந்து செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நிலத்துக்குள் தானே போகமுடியாதது அவருக்கு அவமானமாக இருந்தது.

ஜோசபின் கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துண்டு என்று இறங்கினாள். விவசாயக் கல்லூரியில் விசாரித்ததில், முதல் மழையில் மண் இளகியதும், பூ வருமுன் வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் தகரை விதையைத் தூவச் சொன்னார்கள். தகரை வளர்ந்தால் பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காதாம். அப்படியே செய்தாள். ஆனால் ஆகஸ்டில் மறுபடி முளைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் காலி நிலம், இடுப்பளவு வெள்ளைப் பூ. காற்றடித்தால் விதை இங்கேதான் வந்தது.

அந்த நிலம் நிம்பாள்கர் என்ற பில்டருடையது. கல்யாணசுந்தரம் ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மூன்றாவது எழுதுவதற்குப் பதிலாக, ஜோசபினோடு கம்பி வேலிக்குள் குனிந்து புகுந்து அவரும் பிடுங்கினார். ஐந்தாம் நாள் போலீஸ் வந்தது. நிலத்தைச் சுத்தம் செய்து வளைத்துப்போடப் பார்க்கிறார்கள் என்று நிம்பாள்கர் புகார் கொடுத்திருந்தார்.

அடுத்தவன் நிலத்தில் யாராவது சும்மா களை பிடுங்குவார்களா என்று ஸ்டேஷனில் நிம்பாள்கரையும் வைத்துக்கொண்டு கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். கல்யாணசுந்தரம் காப்பியிலிருந்து ஆரம்பித்தார். சப்-இன்ஸ்பெக்டரின் சந்தேகம் கூடியது. ஜோசபின் கல்யாணசுந்தரத்தை நிறுத்திவிட்டு மராத்தியில் பேசினாள். தன் புருஷனின் மருந்துச் சீட்டை மேஜையில் வைத்தாள்.

"இவர் நிலம் எனக்கு வேண்டாம் சாஹேப். இவர் பூ என் நிலத்துக்கு வராமல் இருந்தால் போதும்."

சப்-இன்ஸ்பெக்டர் சீட்டைப் படித்தார். நிம்பாள்கரைப் பார்த்தார். பிறகு இரு தரப்பிலும் எழுதி வாங்கினார். ஜோசபின் வேலி தாண்ட மாட்டாள், நிம்பாள்கரின் பூவும் தாண்டாது. நிம்பாள்கர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஜூலையில் நிம்பாள்கரின் ஆட்கள் நான்கு பேர் பூ வருமுன் வந்து பிடுங்கினார்கள். கையுறை கொடுத்தவள் ஜோசபின். 2001 மழைக்கு அவள் நிலத்தில் தகரை அடர்ந்து நின்றது. அதை ஒட்டி, மாட்டுக்குப் போதுமான அளவு புல் வந்திருந்தது. பார்த்தீனியமும் அங்கங்கே தலை காட்டியது. ஆனால் ஒரு காலை வேலைக்குமேல் இல்லை. அந்த வேலை முடிந்த மறுநாள் அந்தோணி மாடுகளை ஓட்டிக்கொண்டு நிலத்துக்குள் போனார். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார்.