புளியமரத்தடித் தீ

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்தில் முழங்காலில் அடிபட்டுத் திரும்பிய ஹவில்தார் சங்கையாவுக்கு, அருப்புக்கோட்டையில் வேங்கடபதி முதலாளியின் பருத்திக்கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லில் ஒரு வேலை கிடைத்தது. பஞ்சில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மில் காவல்காரர்கள் மூன்று பேரையும் பழக்க வேண்டும். பங்குனிக் கடைசியில் மதுரையிலிருந்து இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் சங்கையா அசாமுக்குப் பட்டாளத்து ரோடு போடப் போக வேண்டியதுதான்.

"இன்னொரு தடவ ரயிலேறுனீகன்னா, திரும்பி வரயில வீட்டுல ஆளு இருக்காது" என்று சொல்லிவிட்டாள் மனைவி லிங்கம்மாள். அவள் சொன்னால் செய்கிறவள். அசாமைவிட அவளுக்குத்தான் சங்கையா அதிகம் பயந்தார்.

பஞ்சு நனையக் கூடாதென்று மில் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு, "இதான் தீ" என்றார் சங்கையா. விசில் ஊதியதும் மில் கிணற்றில் வாளியை நிரப்பி ஓடிவந்து தண்ணீரைக் கல்லின்மேல் வீச வேண்டும். காவல்காரர்களில் பாலவனத்தம் ஊர்க்காரன் உக்கிரபாண்டி மீசை பறக்க முதல் ஆளாக ஓடிவந்தான். வந்தவன் வாளியும் கையுமாக நின்றுவிட்டான்.

"ஊத்துடா!"

"வெறுங்கல்லுல எப்பிடிய்யா ஊத்துறது? எங்கூர்ல பிள்ளைக்கே அளந்துதான ஊத்துறோம்."

பின்னால் வந்த சோலையும் ஆண்டிச்சாமியும் அதே முகத்தோடு நின்றார்கள். சங்கையா பட்டாளத்து வசவு அத்தனையும் வைதார். கடைசியில் தானே வாங்கி ஊற்றினார். தரை அதை ஒரே மடக்கில் குடித்ததைப் பார்த்ததும் அவருக்கும் அடுத்த வாளியை ஊற்ற மனம் வரவில்லை. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே!

ஊர்க்கிணறுகள் வற்றிக் கிடந்தன. மில் கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் வெளியாட்கள் உள்ளே கால் வைக்க முதலாளி விடமாட்டார். அப்பேர்ப்பட்ட தண்ணீரைக் கல்லுக்குக் கொட்டுகிறார்கள் என்றால் பெண்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் கல் இருந்த இடத்தில் குடம் இருந்தது. அதன் பின்னால் வரிசையாக இன்னும் பல குடங்கள். முதல் குடம் லிங்கம்மாளுடையது.

"கல்லுல ஊத்துறத எங்கொடத்துல ஊத்துனா தீ கோவிச்சுக்கிருமோ?" என்று கேட்டாள்.

சங்கையா வானத்தைப் பார்த்தபடி விசில் ஊதினார்.

அன்றிலிருந்து பயிற்சி அமோகமாக நடந்தது. காவல்காரர்கள் பறந்தார்கள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. "ஏ சோலை, நீ வார வேகத்துல மில்லு சாம்பலாயிரும்" என்று பெண்களே அதட்டி வேலை வாங்கினார்கள். வாளிச் சத்தம் கேட்ட முதலாளி, ஹவில்தார் கெட்டிக்காரர்தான் என்று உள்ளே இருந்தபடியே மெச்சிக்கொண்டார்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். முற்றத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, முதலாளி இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் பக்கத்திலிருந்து பொறி பறந்து பஞ்சுக் குவியலில் விழுந்தது. குபுகுபுவென்று புகை கிளம்பியது. இது பயிற்சி இல்லை, நிஜத் தீ. சங்கையா விசிலை ஊதி, "தீ!" என்று கத்தினார்.

மூன்று பேரும் புயலாகக் கிளம்பினார்கள். வாளியை நிரப்பினார்கள். எரிகிற பஞ்சைச் சுற்றிக்கொண்டு நேரே கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடிக்கு ஓடினார்கள். சிந்தாமல் குடத்தில் ஊற்றினார்கள். திரும்பிவந்து அடுத்த வாளியை நிரப்பிக்கொண்டு மறுபடியும் புளியமரத்தடிக்கே ஓடினார்கள்.

"இங்கடா! தீ இங்கடா!" என்று நொண்டிக்கொண்டே அலறினார் சங்கையா. அசாம் அவர் கண்முன்னால் வந்து நின்றது.

புகையை முதலில் பார்த்தவள் லிங்கம்மாள். "அட கூறுகெட்டவங்களா, உள்ளதான எரியுது!" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்குள் பாய்ந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். ராத்திரி உலைக்கும் விடிந்தால் குடிக்கவும் என்று பிடித்திருந்த தண்ணீர் அது. ஒருத்திகூடத் தயங்கவில்லை. குடம் குடமாகக் கவிழ்த்தார்கள். ஒரு குவியலோடு தீ நின்றது.

நனைந்த பூட்ஸோடு இன்சூரன்ஸ்காரர் கேட்டார்: "யார் இவங்க?"

சங்கையா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "ரிசர்வ் படைங்க, சார்."

"பிரமாதம்! முதலாளி, இவங்களையும் சேர்த்துத் தினமும் பயிற்சி நடக்கணும். ஹவில்தாரை விட்டுடாதீங்க."

வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரித் தலையாட்டினார் முதலாளி. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "சரி சரி, வேல முடிஞ்சதுல்ல, வெளிய போங்க. கேட்டச் சாத்தணும்" என்றார்.

பெண்கள் நகரவில்லை. லிங்கம்மாள் புருஷனைப் பார்த்தபடி காலிக்குடத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள் வெறுங்குடத்தோடு நிற்கிறாள்.

விசிலைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்து, பலங்கொண்ட மட்டும் ஊதினார்.

"தீ!" என்றார்.

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் கிணற்றுக்கு ஓடினார்கள்.