படம் இல்லாத விளையாட்டு

பெரிய வீடியோ கேம் நிறுவனத்தில் அவளுக்குக் 'கதவு' என்றே பட்டப்பெயர். போர் விளையாட்டுகளில் வீரர்கள் எட்டி உதைக்கும் கதவுகளை வரைவதுதான் வேலை. மரக்கதவு, இரும்புக்கதவு, குண்டு துளைத்த கதவு. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது வேற டீம், மேடம்" என்றார்கள். வரைந்து வரைந்து சலித்து ஒருநாள் வேலையை உதறிவிட்டாள். கணவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். துள்ளிக் குதித்தது அவன் தங்கை மட்டும்தான்.

அந்த நாத்தனாரை வீட்டில் எல்லோரும் 'வாலு' என்பார்கள். சிறு வயதுக் காய்ச்சலில் பார்வை போனது, வால்தனம் போகவில்லை. விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பது அவள் பிழைப்பு. வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே, வருகிறவர் கடன் கேட்க வருகிறாரா, கல்யாணத்துக்கு அழைக்க வருகிறாரா என்று சொல்லிவிடுவாள்.

"அண்ணி, நாம ஒரு கேம் பண்ணுவோம். கரண்ட் போன வீடு. உள்ள ஒருத்தி, கண்ணு தெரியாதவ. திருடன் நுழையறான். திரையில ஒண்ணுமே தெரியக்கூடாது. காதுதான் எல்லாம்."

"பாவம், பயந்துடுவாளே!"

"அவ எதுக்குப் பயப்படணும்? இருட்டு திருடனுக்குத்தான். அவளுக்கு அது வீடு."

அந்தப் பேச்சில் அண்ணி கவிழ்ந்துவிட்டாள். வெளிச்சத்தம் நுழையாமலிருக்கப் பின்அறைச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து வேலையைத் தொடங்கினார்கள். குழாய் சொட்டுவது, பீரோ முனகுவது என்று வாலு பிடித்துத் தந்த சத்தங்களை அண்ணி கணினியில் கோத்தாள். திருடனின் மூச்சுக்காக மாடிப்படி ஏறி இறங்கியவன் அண்ணன். "எனக்கு இந்த வேஷம்தானா கெடைச்சுது?" என்று அவன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் கேட்டதும் பதிவாகிவிட்டது. அதை அழிக்க வாலு மறுத்துவிட்டாள்.

விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் நிறுவனம் ஒன்று இருவரையும் கூப்பிட்டது. கண்ணாடி அறையில் மேலாளர் ஹெட்போன் மாட்டிக் கேட்டார்.

"அருமையா இருக்கு. ஆனா கறுப்புத் திரையை யாரு வாங்குவாங்க? படம் மட்டும் போட்டுடுங்க, நாளைக்கே ஒப்பந்தம்."

அண்ணியின் கை தானாகப் பையைத் திறந்தது. வாலுவுக்குத் தெரியாமல் அந்த வீட்டை அறை அறையாக வரைந்து வைத்திருந்தாள். வரைந்து பழகிய கை சும்மா இருக்குமா? மேலாளர் தாள்களைப் புரட்டினார். "அடடா, இந்த மாடிப்படி! இந்த நீல வெளிச்சம்!"

வாலு எழுந்து வெளியே போனாள். அண்ணி ஓடிப்போய் லிஃப்ட் வாசலில் பிடித்தாள்.

"சும்மா ஆசைக்கு வரைஞ்சது, வாலு..."

"வரைஞ்சது தப்பில்ல அண்ணி. மறைச்சதுதான் தப்பு. ஊர்ல இருக்கிற எல்லா விளையாட்டுக்கும் நான் பக்கத்துல உக்காந்து கதை கேக்கிறவ. இந்த ஒண்ணுலதான் நானும் ஆடுறவ. இதுலயும் லைட்டைப் போட்டு என்னை வெளிய நிக்க வைக்கிறீங்களா?"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அண்ணி விடுவிடுவென்று உள்ளே போய் மேலாளர் கையிலிருந்த தாள்களை உருவினாள்.

"இது விக்கிறதுக்கில்ல சார். படமில்லாம வேணும்னா சொல்லுங்க."

"தனியா வெளியிட்டா கடல்ல கரைச்ச பெருங்காயம்தான் மேடம்."

"கரையட்டும் சார். வாசனையாவது எங்களோடதா இருக்கும்."

இணையக் கடையில் தாங்களே ஏற்றினார்கள். விளம்பரப் படங்கள் கட்டாயம் என்றது கடை. அண்ணி கன்னங்கரேலென்று சில சதுரங்களை அனுப்பினாள்: ஒன்றின் கீழே 'சமையலறை', மற்றொன்றில் 'மாடிப்படி', இன்னொன்றில் 'திருடன், மிக அருகில்'. படங்கள் பழுது என்று திரும்பி வந்தன. 'பழுது இல்லை, இவ்வளவுதான் தெரியும்' என்று எழுதி அதே சதுரங்களை மறுபடி அனுப்பினாள். அவர்களும் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில் அங்கே யாரோ விளையாடியே பார்த்திருக்க வேண்டும். அனுமதியோடு கூடவே 'படியில் மாட்டிக்கொண்டேன்' என்று ஒரு வரியும் வந்தது.

ஆனால் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சிறு தயாரிப்பாளர்களின் கண்காட்சியிலும் கழிப்பறையை ஒட்டிய மூலைதான் கிடைத்தது. வந்தவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அரங்கத்து எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார்.

"என்னம்மா, திரை செத்துப்போச்சா?"

"உயிரோடதான் இருக்குண்ணே. காதைக் குடுங்க" என்று வாலு ஹெட்போனை நீட்டினாள்.

சற்று நேரத்தில் அவர் கண்களை இறுக மூடி, தோளைக் குறுக்கி, "ஐயோ, படியேறி வர்றான்!" என்று அலறினார். கழிப்பறைக்குப் போனவர்கள் நின்றார்கள். மாலைக்குள் இரண்டு வரிசைகளும் ஒன்றாகி, யார் எதற்கு நிற்கிறார்கள் என்றே தெரியாமல் போயிற்று.

மறுநாள் மேலாளரே வந்தார். "படம் வேணாம். இப்படியே எடுத்துக்கிறோம். அடுத்த கேமும் எங்களுக்குத்தான்னு கையெழுத்துப் போடுங்க."

அண்ணி வாலுவின் தோளைத் தொட்டாள். "என்ன சொல்ற?"

"இதையும் நாங்களே பாத்துக்கிறோம் சார். அடுத்ததையும்" என்றாள் வாலு.

"எத்தனை நாளைக்குத் தனியா மல்லுக்கட்டுவீங்க?"

"தனியாவா? கொஞ்சம் காதைத் தீட்டிக் கேளுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். எதிரே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பஸ்ஸைப் பின்பக்கமாக மட்டுமே ஓட்டும் விளையாட்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் ஒரு தாயும் மகளும், தாங்கள் செய்த மாமியார்–மருமகள் சண்டை விளையாட்டின் முடிவைப் பற்றி நிஜமாகவே சண்டை போட்டார்கள். அரங்கம் இரைந்தது.

மாட மாளிகை கட்டும் அளவுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. அடுத்ததைச் செய்யப் போதுமானது வந்தது. எதைச் செய்வது என்பதில்தான் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தொண்டை கட்டும்வரை வாதாடுகிறார்கள். அண்ணன் நடுவில் நுழைவதை நிறுத்திக்கொண்டான்.