கழுத்தில் ஒரு கத்தி, அடியில் ஒரு சோபா

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்கா போன் செய்து, "டேய், சும்மாதானே இருக்கே? கத்தி வாங்கப் போறேன், கூட வா" என்றாள். சும்மா இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள்.

ஆரம்பத்தை எப்படியெப்படியோ எழுதிப் பார்த்தேன்.

"இருட்டில் கத்தி பளபளத்தது. அவள் கண்களும் அதேபோல..."

இல்லை. அக்கா வேலை செய்வது பட்டப்பகலில். அவளுடைய கத்தி எந்தக் காலத்திலும் பளபளத்ததில்லை. பசை காய்ந்து, அதில் பஞ்சு ஒட்டி, தாடி வைத்த மாதிரி இருக்கும்.

"ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் ஏதோ ஒரு பாரம் தொங்குகிறது..."

இதைப் படித்துக் காட்டியதும் அக்கா, "யார்டா அந்தப் பொம்பளை, பாவமா இருக்கு" என்றாள். அடித்துவிட்டேன். [வரியைத்தான். அக்காவை அடிக்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.]

2

அக்கா சோபா தைப்பவள். சட்டத்தில் பட்டை இழுத்து, ஸ்பிரிங் கட்டி, ஸ்பாஞ்சு வைத்து, மேலே துணியை முடுக்க வேண்டும். அந்த வேலையில் இழுப்புதான் எல்லாம். இடது கை துணியை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும், விட்டால் சுருக்கம் விழும். வலது கை ஸ்டேப்ளரை எடுக்கும், வைக்கும், கத்தியை எடுக்கும், ஓரத்தை நறுக்கும், வைக்கும். எங்கே வைக்கும்? அக்கா போடும் சுடிதாரில் பை கிடையாது.* ஆகவே கைக்கு எட்டிய இடத்தில், அதாவது சோபாவுக்குள்ளேயே வைப்பாள். பிறகு அதன்மேல் துணி வரும். ஒரு சுருக்கம் இல்லாமல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலக் கத்தியை உள்ளே வைத்துத் தைத்துவிடுவாள்.

முதல் தடவை பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை அது ஒரு வக்கீல் வீட்டு சோபா. வக்கீல் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ திரைச்சீலைப் பக்கம் போயிடும்மா" என்றார்.

திரைச்சீலைப் பக்கம் என்பது கடையின் முன்பகுதி. நாள் முழுக்க நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் "இந்தக் கலர் உங்க ஹாலுக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்ல வேண்டும். வேறு யாருக்காவது அது பதவி உயர்வு. அக்காவுக்கு அது நாடு கடத்தல்.

"துணி சரியா இழுத்து நிக்கும்போது தட்டினா டப்புனு ஒரு சத்தம் வரும்டா" என்றாள் என்னிடம். "அந்தச் சத்தத்துக்காகத்தான் காலைல எந்திரிக்கறேன். திரைச்சீலை என்ன சத்தம் போடும், சொல்லு?"

 சிரிக்க வந்தவன் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அப்போது மூன்றாவது கத்தியும் காணாமல் போயிருந்தது. முதலாளிக்கு இன்னும் தெரியாது.

"தொலைஞ்சதையும் கண்டுபிடிக்கணும், இனிமே தொலையாத மாதிரி ஒண்ணும் வாங்கணும்" என்றாள். "அதையும் தொலைச்சேன்னா யாரும் சொல்ல வேணாம், நானே போய் திரைச்சீலைப் பக்கம் நின்னுக்கறேன்."

(*பெண்கள் உடுப்பில் பை வைக்காதவர்களைப் பற்றி இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அச்சில் வராது.)

3

கத்திக் கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "காட்டுக்கா, மலையேறவா?" என்றார்.

"சோபாவுக்கு" என்றாள் அக்கா.

அவர் விளக்கத்துக்காக என்னைப் பார்த்தார். நான் எழுத்தாளன் என்றேன். அது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

முதலில் மடக்குக் கத்தி ஒன்றைக் காட்டினார். அக்கா இடது கையால் என் சட்டையின் நுனியைப் பிடித்து, சோபாத் துணி மாதிரி விறைப்பாக இழுத்தாள். வலது கையால் மட்டும் கத்தியைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் பித்தான் ஒன்று தெறித்து கல்லாவுக்கு அடியில் போனது.

"மடக்கறது ஆகாதுங்க. எடுத்தா அப்படியே வெட்டணும்."

கழுத்துக் கத்தி அப்போதுதான் வெளியே வந்தது. சுண்டுவிரல் நீளம், மடங்காத அலகு. கெட்டியான பிளாஸ்டிக் உறையில் தலைகீழாக, பிடி கீழே வருமாறு கயிற்றில் தொங்கும். பிடித்துக் கீழே இழுத்தால் கையில் வந்துவிடும். மேலே தள்ளினால் உறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு கை போதும். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து பரப்பினார்.

அக்கா தேர்ந்தெடுத்த விதத்தை அவர் இனி வரும் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து, தலையைத் தரைப்பக்கம் தொங்கவிட்டு, ஈரத் துணியை உதறுவதுபோல் உடம்பை உதறினாள். சோபாவுக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவள் வேறு எப்படிச் சோதிப்பாள்? ஒரு கத்தி உறையிலிருந்து நழுவி என் செருப்புக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. இன்னொன்று உறையை விட்டு வரவே மாட்டேன் என்றது. கடைக்காரர் பிடித்து இழுத்தார், கத்தி வரவில்லை, அக்காதான் வந்தாள். கடைசியில் ஒன்று உதறினால் விழவில்லை, இழுத்தால் உடனே வந்தது. முனையும் ஊசி மாதிரி இல்லாமல் மழுங்கலாக, ஸ்பாஞ்சைக் குத்தாததாக இருந்தது.

"கயிறு மெஷின் சக்கரத்துல மாட்டிக்கிட்டா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் இந்தக் கொக்கி வெச்சிருக்கு. கொஞ்சம் பலமா இழுபட்டா டிக்குனு தானே விட்டுடும். கழுத்துக்கு ஆபத்து வராது."

"அப்போ இதேதான்" என்றாள் அக்கா.

அவள் கழுத்தில் ஏற்கெனவே கண்ணாடிக் கயிறும் அளவு டேப்பும் உண்டு. மூன்றாவதாக இதுவும் சேர்ந்தது.

4

இந்த இடத்தில் எனக்குக் கவலை வந்தது. கதையில் கத்தி வந்துவிட்டால் வாசகர் ரத்தம் கேட்பார். நீங்களும் கேட்பீர்கள், வெளியே சொல்ல மாட்டீர்கள். ஆகவே ஒரு திருடனை ஏற்பாடு செய்தேன். முகத்தில் தழும்பு, கையில் டார்ச். பட்டறையின் பின்கதவைத் திறந்துகொண்டு...

"திருடன் எதுக்குடா பட்டறைக்கு வரான்?" என்றாள் அக்கா. "பஞ்சு திருடவா?"

 பாவம், அவன் இன்னமும் என் கணினியில் டார்ச்சோடு நிற்கிறான். யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

5

கத்தி தொலைந்த சமயத்தில் பட்டறையை விட்டுப் போனவை இரண்டே சோபாக்கள். ஒன்று பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு. மற்றது என் பழைய சோபா, புதுத் துணி போட்டு என் வீட்டுக்கே திரும்பியது.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளே பூரா ஸ்பிரிங்குடா, மண்டு."

டாக்டரின் சோபாவில் குழந்தைகள் ஏறிக் குதிக்கும் என்பதுதான் அவளை அரித்தது. எனவே இல்லாத பல்வலியை வரவழைத்துக்கொண்டு போனாள். வலது கோடியில் உட்கார்ந்து, அமுக்கி, நகர்ந்து, அமுக்கி, இடது கோடி வரை வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வலி பொறுக்க முடியாமல்தான் நெளிகிறாள் என்று நினைத்து, தங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மறுக்க வழியில்லாமல் உள்ளே போனாள்.

டாக்டரம்மா அக்காவின் கழுத்தில் துண்டு கட்டப் போனார். கை நின்றது.

"இது என்னம்மா?"

"கத்திங்க."

"எதுக்கு?"

"சோபாவுக்கு."

"என் சோபாவையா?" டாக்டரம்மா பின்னால் நகர்ந்தார். கையில் துளைபோடும் கருவி இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"அதுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு இருக்குமோன்னு பயமா இருக்கு டாக்டர். வெச்சுத் தெச்சது நான்தான்" என்றாள் அக்கா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நடந்தது இதுதான். அக்கா டாக்டரின் சோபாவைத் திறந்து பார்த்தாள், கத்தி இல்லை. டாக்டர் அக்காவின் வாயைத் திறந்து பார்த்தார், நிஜமாகவே ஒரு சொத்தை இருந்தது. இருவரும் அவரவர் ஓட்டையை அடைத்தார்கள்.

6

மீதி இருப்பது ஒரே சோபா. நான் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த சோபா.

"எந்திரி" என்றாள் அக்கா.

"இந்தப் பத்தியை முடிச்சுட்டு..."

"உனக்கு அடியில அலகு இருக்கு. எந்திரி."

இவ்வளவு வேகமாக நான் எந்தப் பத்தியையும் முடித்ததில்லை. அக்கா மண்டியிட்டாள், கழுத்தில் கை வைத்தாள், கத்தி கையில் இருந்தது. இருக்கையும் முதுகும் சேரும் இடத்தில் தையலை வெட்டி, கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். அதற்கு முன்பே புதுக் கத்தியை உறையில் மாட்டியிருந்தாள், என் கண்ணால் பார்த்தேன். கை துழாவியது. நின்றது.

"டேய்..."

தாடி வைத்த பழைய கத்தி வெளியே வந்தது. அக்கா அதை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், என் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு குனிந்து, வளைந்த ஊசியால் பிளவை மளமளவென்று தைத்தாள். முதலாளியிடம் என்ன சொல்வது, இனி திரைச்சீலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம் என்று பேசிக்கொண்டே தைத்தாள். கடைசி நூலைப் பழைய கத்தியாலேயே அறுத்து, துணியைத் தட்டினாள். டப்.

எழுந்தாள். டிக் என்று ஒரு சத்தம்.

"இடுப்பு சத்தம் போடுது பாரு. வயசாகுதுல்ல" என்றாள்.

பழைய கத்தியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவள் கழுத்தில் கண்ணாடிக் கயிறு இருந்தது. அளவு டேப் இருந்தது.

சோபாவின் தையலிலிருந்து கறுப்பாக ஒரு கயிற்று நுனி எலிவால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

7

முடிவு ஒன்று: கூப்பிட்டுச் சொல்கிறேன். அக்கா... இல்லை, அந்தப் பாட்டை நிறுத்த என்னால் ஆகாது.

முடிவு இரண்டு: நானே பிரித்து எடுக்கிறேன். ஆனால் பித்தான் தைக்கக்கூடத் தெரியாதவன் நான். (தெறித்த இடம் இன்னமும் காலிதான்.) என் தையலை அவள் ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

முடிவு மூன்று: அதே கடை, அதே கத்தி. "மேஜை மேலே வெச்சிட்டுப் போயிட்டேக்கா" என்று நீட்டுகிறேன். கடைக்காரர் தனியாக வந்த எழுத்தாளனுக்குக் கத்தி விற்பாரா என்பது...

அழைப்புமணி அடிக்கிறது. கதவுக்கு வெளியே பாட்டு நின்றுவிட்டது.

அக்காதான். கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பாள் என்று பார்க்காமலே தெரிகிறது.

வாசகரே, தயவுசெய்து நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். என்ன சொல்வதென்று தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். எனக்கு எழுந்திருக்க வழியில்லை. எலிவாலின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.